மாலை போட்ட யானையும் தேங்காய் நாரும்

ஏரிக்கரை நெடுக அல்லி பூத்துக் கிடந்த அல்லியூர் நாட்டை வெகுகாலத்துக்கு முன்னே மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பதைவிட அடம்பிடித்தான் என்று சொல்லலாம். இன்று ஒரு உத்தரவு போடுவான், நாளை அதை மாற்றுவான். ஆனாலும் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஏனென்றால் அவனைத் தேர்ந்தெடுத்தது மனிதர்கள் இல்லை, பட்டத்து யானை. சிம்மாசனம் காலியானால் யானையின் துதிக்கையில் மாலையைக் கொடுத்துத் தெருவில் விடுவதும், அது யார் கழுத்தில் போடுகிறதோ அவரே ராஜா என்பதும் அந்த நாட்டு வழக்கம்.

அப்படிப்பட்ட ராஜாவின் ராணி தேமொழி ஒரு காய்ச்சலில் கண்மூடினாள். ராஜா படுக்கையில் விழுந்தான். மேளம் கூடாது என்றான், பாயசம் கூடாது என்றான். அரண்மனைத் தோட்டத்து மயில்கூட அகவக்கூடாது என்று உத்தரவு போட்டான். மயிலுக்கு அதைப் போய்ச் சொல்ல முடியாமல் காவலர்கள் பட்ட பாடு தனிக்கதை.

காரிநாயகர் என்ற பிரதானி ஒருவர் இருந்தார். மந்திரி நல்லாதர் மீது அவருக்குத் தீராத பொறாமை. அதோடு சிம்மாசனத்தின் மேலும் ஒரு கண். அவர் ராஜாவின் அறைக்குப் போய்க் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"மகாராஜா, இத்தனை துக்கத்தில் இந்தக் கிரீடமும் பாரம்தானே? வழக்கப்படி யானையை விட்டுப் பார்க்கலாமே!"

"நல்லது! வரும் பௌர்ணமிக்கு விடுங்கள். யாராவது வந்து இதைத் தூக்கிக்கொண்டு போனால் போதும்" என்றான் ராஜா.

சேதி நல்லாதர் காதுக்கு எட்டியது. காரிநாயகர் ராஜாவானால் ஏரியின் மதகு அவர் வயலுக்கு மட்டும்தான் திறக்கும், ஊர் காய்ந்துபோகும். ஆறுதல் சொல்லிப் பார்த்தார். ராஜா வெற்றிலைப் பெட்டியை எடுத்து வீசினான். மந்திரி குனிந்து தப்பினார். மறுநாள் வேறு மாதிரி வந்தார்.

"இன்றைக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை, மகாராஜா. ஒரு புகார். ராணியம்மா போனதிலிருந்து பட்டத்து யானை ஒரு கவளம் தொடவில்லை. பௌர்ணமிக்கு முன்னால் அது விழுந்துவிட்டால், கிரீடம் உங்கள் தலையிலேயே தங்கிவிடும்."

ராஜா சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "ஐயோ! யாராவது ஊட்டுங்களேன்!"

"பாகன் கையைத் தள்ளிவிடுகிறது. ராணியம்மா கையால் தின்று பழகிய வாய். அவர் வாசம் ஒட்டியிருக்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான்."

கிரீடத்தைக் கழற்றும் அவசரத்தில் ராஜா யானைக் கொட்டிலுக்குப் போனான். யானையின் கண்ணோரம் நீர் வழிந்த தடம் கறுத்துக் கிடந்தது. அது துதிக்கையை நீட்டி அவன் உள்ளங்கையை வெகுநேரம் முகர்ந்தது. பிறகு மெல்ல வாயைத் திறந்தது. ராஜா கவளத்தை அதன் வாயில் வைத்தான்.

மறுநாளும் போனான். கவளத்தில் உப்பு கூடிவிட்டதென்று மடைப்பள்ளியில் சண்டை போட்டான். அதற்கடுத்த நாள், குளிப்பாட்டவும் நானே வருகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினான். தேங்காய் நாரால் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது யானை ஒரு துதிக்கைத் தண்ணீரை அவன் தலையில் பீச்சியது. ராஜா சிரித்துவிட்டான். சிரித்ததும் திடுக்கிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் யானையின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். ராஜா அழுது முடித்து, மறுபடி நாரை எடுத்தான்.

இந்தப் பக்கம் காரிநாயகர் சும்மா இருக்கவில்லை. யானை சாப்பிடத் தொடங்கியது தெரிந்ததும், தினமும் தலைப்பாகைக்குள் வெல்லக்கட்டியை ஒளித்துவைத்துக்கொண்டு போய் அதற்கு ருசி காட்டினார்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் ராஜா மந்திரியின் கையைப் பிடித்துக்கொண்டான். "நல்லாதரே, எனக்கு இப்போது ராஜாவாகவே இருக்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டேனே!"

"வாக்கை மாற்ற வேண்டாம். நாளைக்கும் வழக்கம்போல் நாரை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போங்கள்."

விடிந்தது. தெருவெல்லாம் தலைகள். துதிக்கையில் மாலையோடு யானை வந்தது. காரிநாயகர் பட்டு உடுத்தி, கழுத்தை நீட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். யானை நேரே அவரிடம் போனது. மாலையைத் தந்தத்தில் மாட்டிக்கொண்டு தலைப்பாகையை உருவியது. வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு, மாலையை மறுபடி எடுத்தது. வழுக்கைத் தலை வெயிலில் மின்ன அவர் நிற்க, அவரைத் தாண்டி நடந்தது.

ஜனங்கள் பின்னாலேயே ஓடினார்கள். ஏரிக்கரையில் ஈர வேட்டியோடு, கையில் நாரோடு ராஜா நின்றான். யானை அவன்முன் நின்றது. மலை போன்ற அந்த உடம்பு மெல்ல முழங்கால் மடித்து இறங்கியது. மாலை ராஜாவின் கழுத்தில் விழுந்தது. பார்த்தவர்களுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சிலர் தம்மையறியாமல் கைகூப்பினார்கள். யானையோ ஒன்றுமே நடக்காதது போல, முதுகு தேய்க்கச் சொல்லி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது.

"மோசடி!" என்று மூச்சிரைக்க வந்தார் காரிநாயகர். "மந்திரி யானையைப் பழக்கி வைத்திருக்கிறார்!"

"யானையை நான் தொட்டதே இல்லை ஐயா" என்றார் நல்லாதர். "நான் பழக்கியது ராஜாவை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். மதகின் சாவியை நல்லாதர் கையில் கொடுத்தான். "காரிநாயகரே, வெல்லத்தில் உமக்கு நல்ல கைராசி. இனிமேல் யானைக்குத் தினமும் கவளம் உருட்டுவது உம்முடைய வேலை" என்றான். அவர் தலைகுனிந்தார். குனிந்த தலையை யானை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டது.

கூட்டம் கலைந்ததும் மந்திரி மெதுவாகக் கேட்டார். "துக்கம் போய்விட்டதா, மகாராஜா?"

"எங்கே போகும்? தினமும் என்னோடுதான் ஏரிக்கு வருகிறது. கரையில் உட்கார்ந்திருக்கும். நான் இறங்கித் தேய்ப்பேன்." ராஜா குனிந்து யானையின் காதுமடலை நாரால் தேய்த்தான். "மடைப்பள்ளியில் பாயசம் வைக்கச் சொல்லுங்கள். தேமொழிக்குப் பிடித்த மாதிரி, ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாக."

தோட்டத்து மயில் அன்றைக்குத் தொண்டை கிழிய அகவியது. காவலர்கள் யாரும் அதை விரட்டவில்லை.