நூறு பாட்டும் ஒரு பரிசலும்

நெல்லிமலை மன்னர் சிங்கவேளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண், ஆற்றுக்கு அக்கரை நாட்டு இளவரசி அல்லியங்கோதை. மன்னருக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. ஆனால் அந்த நாட்டில் ஒரு பொல்லாத வழக்கம். மாப்பிள்ளை தன் கையாலேயே பரிசல் ஓட்டி ஆற்றைக் கடந்து வரவேண்டும். வராவிட்டால் பெண் கிடையாது.

மன்னர் யானை ஏறுவார், குதிரை ஏறுவார். தண்ணீரைக் குடிக்க மட்டும்தான் தெரியும்.

"கவலை எதற்கு அரசே?" என்றார் ஆஸ்தான ஆசான் ஏட்டுநம்பி. "தலை என்பது ஒரு பானை. ஊற்றினால் நிறையும். பரிசல்காரர்களை விசாரித்து, ஓட்டும் முறையை நூறு பாட்டாகக் கட்டித் தருகிறேன். மனப்பாடம் செய்யுங்கள், போதும்."

மன்னர் உருப்போட்டார். குளிக்கும்போதும் பாட்டு, சாப்பிடும்போதும் பாட்டு. கல்யாணம் நெருங்கியதும் அரண்மனைக் குளத்தில் பரிசல் ஏறினார். பாட்டைத் தொடங்கினார். பரிசலும் சுற்றத் தொடங்கியது. சுற்று என்றால் அப்படி ஒரு சுற்று! கிரீடம் ஒரு பக்கம் பறந்தது, மன்னர் மறுபக்கம் விழுந்தார். பாட்டை மட்டும் விடவில்லை. அறுபதாம் பாட்டு குமிழி குமிழியாக மேலே வந்தது.

படித்துறையில் நின்ற மந்திரி கொண்டல்ராயன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டான். சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

"சிரிக்கிறாயா?" நனைந்த மீசையோடு மன்னர் கத்தினார். "நாளை மாலைக்குள் நீயே எனக்குப் பரிசல் கற்றுக்கொடு! இல்லாவிட்டால் கழுதைமேல் ஏற்றி நாடு கடத்துவேன்!"

கொண்டல்ராயன் மன்னரின் அறைக்கு வெளியே முன்னும் பின்னும் நடந்தான். யோசித்து யோசித்துப் பார்த்தான். அரண்மனைச் சமையல்காரன் தொழிலை நாக்கால் கற்றான். குதிரைக்காரன் உதை வாங்கிக் கற்றான். கொண்டல்ராயனின் மனைவிக்கு ஒரு கோலத்தை ஒருமுறை காட்டினால் போதும், அப்படியே போட்டுவிடுவாள். இந்த மன்னர் எதனால் கற்பார்?

அப்போது உள்ளேயிருந்து மன்னரின் குரல் கேட்டது. "விசிறியை இப்படியா பிடிப்பது? கொடு இங்கே!" எட்டிப் பார்த்தான். விசிறிக்காரன் ஆசனத்தின் ஓரத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தான். மன்னர் வேர்க்க விறுவிறுக்க அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

கொண்டல்ராயன் துள்ளிக் குதித்தான்.

மறுநாள் குளக்கரையில், "அரசே, முதலில் நான் ஓட்டுகிறேன். பாருங்கள்," என்று பரிசலில் ஏறினான். துடுப்பைப் பக்கவாட்டில் போட்டான். பரிசல் கிறுகிறுவென்று சுழன்றது.

"அடேய், பக்கத்தில் போடாதே, முன்னால் போடு!"

"இப்படியா அரசே?" என்று பின்னால் போட்டான். படித்துறையில் நின்ற ஆசானுக்குக் குளியல் ஆயிற்று.

"முதுகுதான் உனக்கு முன்பக்கமா? உன் பக்கமாக இழு!"

இழுத்தான். பரிசல் இன்னும் வேகமாகச் சுற்றியது. கொண்டல்ராயனுக்கு இரண்டு சூரியன் தெரிந்தது.

மன்னருக்குப் பொறுக்கவில்லை. கை துறுதுறுத்தது. பட்டு வேட்டியோடு தண்ணீரில் இறங்கினார், பரிசலில் தாவி ஏறினார், துடுப்பைப் பிடுங்கினார்.

"நகரு! நன்றாகப் பார்! முன்னால் போடு. உன் பக்கம் இழு. வலம், இடம், மாற்றி மாற்றிப் போடு. சுற்றுகிறதா? சுற்றவில்லை பார்! புரிந்ததா, மண்டு?"

"புரிந்தது அரசே. தாங்கள் குளத்தின் அக்கரைக்கு வந்துவிட்டீர்கள்."

மன்னர் கரையைப் பார்த்தார். துடுப்பைப் பார்த்தார். "நானா? நானேவா?" என்று பரிசலிலேயே ஆடத் தொடங்கினார். "குற்றம் கண்டுபிடிக்க விட்டால் நான் கற்பேன் என்று உனக்கு எப்படியடா தெரியும்?"

"இத்தனை வருடமாக என் குற்றங்களைத்தானே கண்டுபிடிக்கிறீர்கள்!"

சொட்டச் சொட்ட நனைந்த ஏட்டுநம்பி ஓடிவந்தார். "எல்லாம் என் பாட்டின் மகிமை!"

"உண்மைதான் ஆசானே, பானையில் தண்ணீர் இருந்தது," என்றான் கொண்டல்ராயன். "அதைச் சாய்க்கத்தான் ஒரு ஆள் வேண்டியிருந்தது."

கல்யாண நாளில் மன்னர் கொண்டல்ராயனைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு, கோடு கிழித்ததுபோல நேராக ஆற்றைக் கடந்தார். தாலி கட்டினார். அக்கரை ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள்.

"மாப்பிள்ளைக்குப் பரிசல் கற்றுக்கொடுத்த குரு யார்?" என்று கேட்டார் மாமனார்.

"இவன்தான்!" என்று மன்னர் பெருமையோடு கொண்டல்ராயனைக் காட்டினார்.

"அப்படியானால் மணமக்களைக் குருவே ஓட்டிக்கொண்டு போகட்டும்!"

துடுப்பு கொண்டல்ராயன் கைக்கு வந்தது. மணமக்கள் ஏறினார்கள். ஜனங்களே பரிசலைத் தள்ளியும் விட்டார்கள். அவன் முகம் வெளிறியது.

"ஓட்டு கொண்டல்ராயா! குளத்தில் தெரியாததுபோல எவ்வளவு அழகாக நடித்தாய்!"

"அது நடிப்பில்லை அரசே," என்றான் அவன். "எனக்கு நிஜமாகவே ஓட்டத் தெரியாது."

மன்னர் சிரித்த சிரிப்பில் பரிசலே குலுங்கியது. புதுப்பெண்ணும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மன்னர் தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். "பிடி, உனக்குப் பரிசு!"

"மாலை அப்புறம் இருக்கட்டும் அரசே," என்று கண்ணை மூடிக்கொண்டு அலறினான் கொண்டல்ராயன். "சுற்றுகிறது! முதலில் துடுப்பை வாங்கிக்கொண்டு, நான் செய்வது எப்படித் தப்பு என்று காட்டுங்கள்!"