சேந்தன் பார்க்காத மலை

மலைகளுக்கெல்லாம் மனிதர்கள் இன்னும் பேர் வைத்து முடிக்காத காலத்தில், சேந்தன் என்றொரு குறுநில மன்னன் இருந்தான். வேட்டையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. புதர் அசைந்தால் போதும், உள்ளே இருப்பது முயலா பன்றியா என்று சொல்லிவிடுவான். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரன்தான். அந்தக் கெட்டிக்காரத்தனமே அவனுக்கு வினையாக வந்தது, கேளுங்கள்.

அவன் நாட்டுக்கும் பக்கத்து நாட்டுக்கும் நடுவே ஒரு மலை. எல்லைமலை என்பார்கள். அதன் நடுவில் ஒரு சுனை. சுனைத் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இரண்டு நாட்டுக்கும் இறங்கும். சேந்தனின் குடிகள் தினை விதைப்பதும், மாடு வளர்ப்பதும், பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சுவதும் அந்தத் தண்ணீரை நம்பித்தான்.

அந்த மலைக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் புதிதாகப் பட்டத்துக்கு வந்தாலும், பக்கத்து நாட்டை ஆள்பவரோடு மலை ஏற வேண்டும். பரிவாரமெல்லாம் அடிவாரத்திலேயே நின்றுவிடும். பக்கத்து நாட்டார் மூன்று இடத்தில் நின்று மூன்றைக் காட்டுவார். "இது என்ன செய்கிறது?" என்று கேட்பார். ஒன்றுக்காவது விடை சொன்னால் மலை இருவருக்கும் பொது. ஒன்றுக்குமே தெரியவில்லை என்றால் மலை போச்சு, சுனையும் போச்சு. பக்கத்து நாட்டார் முழுத் தண்ணீரையும் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

அநியாயம் என்கிறீர்களா? கண்ணில் படாததை ஒருவன் எப்படிக் காப்பாற்றுவான் என்று கேட்டார்கள் அந்தக் காலத்து மனிதர்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

சேந்தனின் தகப்பன் இறந்தான், சேந்தன் பட்டத்துக்கு வந்தான். பக்கத்து நாட்டை அப்போது கொற்றி என்பவள் ஆண்டாள். அவளுக்கும் அவன் வயதுதான். அவள் பக்கம் மழை குறைவு. முழுச் சுனையும் கிடைத்தால் அவள் குடிகள் வயிறாரச் சாப்பிடுவார்கள். அதனால் விட்டுக்கொடுக்கும் எண்ணத்தோடு அவள் வரவில்லை.

சேந்தன் சிரித்துக்கொண்டே ஏறினான். "நான் ஓடித் திரிந்து வளர்ந்த மலை இது, தலைவி. என்னிடமா கேள்வி?"

"வாருங்கள், பார்க்கலாம்" என்றாள் கொற்றி.

முதலில் ஒரு பெரும் பாறையின் முன் நின்றாள். "இது என்ன செய்கிறது?"

"பாறை என்ன செய்யும்? கிடக்கிறது. நான் அம்பு தீட்டுவது இதில்தான்."

"காதை வைத்துக் கேளுங்கள்."

வைத்தான். உள்ளே எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாறையின் தலையெல்லாம் குழி. பெய்த மழை அதில் தங்கி, வெடிப்பு வழியே கசிந்து சுனைக்கு இறங்குகிறது. கோடையிலும் சுனை வற்றாதது அதனால்தான். சேந்தனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அடுத்து ஒரு கோணல் மரத்தின் முன் நின்றாள். "இது என்ன செய்கிறது?"

"இதில் பூவும் இல்லை, பழமும் இல்லை. அடித்த பன்றியைத் தொங்கவிட வாகான கிளை இருக்கிறது" என்றான். இந்த முறை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கொற்றி காலால் சருகை விலக்கினாள். திருவிழாக் கூட்டத்தில் தாய் பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல் வேர்கள் அந்தச் சரிவையே இறுக்கிப் பிடித்திருந்தன. "இது பிடியை விட்டால் மண்ணெல்லாம் யார் வீட்டின் மேல் விழும், பாருங்கள்." நேர் கீழே தெரிந்தவை சேந்தனுடைய குடிகளின் கூரைகள்.

அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது. இன்னும் ஒரே ஒரு கேள்வி. அதுவும் தவறினால், குடத்தோடு ஓடைக்கு வரும் பெண்களிடம் என்ன சொல்வான்? நடக்க நடக்க அவன் சுற்றிலும் பார்த்தான். பாசியைப் பார்த்தான், கொடியைப் பார்த்தான், எறும்புப் புற்றைப் பார்த்தான். எல்லாம் புதிதாக இருந்தது. ஐயோ பாவம், ஓடுவதை மட்டுமே பார்த்துப் பழகிய கண் அது.

மூன்றாவதாக, கணுக்கால் உயரச் செடி மண்டிக் கிடந்த ஓர் இடத்தில் கொற்றி நின்றாள். "இது என்ன செய்கிறது?"

சேந்தன் குந்தி உட்கார்ந்தான். ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தான், மென்றான், ஒரே கசப்பு. பேர் தெரியவில்லை. கீழே அவன் ஆட்கள் வெற்றி நிச்சயம் என்று பறை கொட்டிக்கொண்டிருந்தார்கள். செடிகளின் நுனியைப் பார்த்தான். மான் கடித்த கடி. தரையைப் பார்த்தான், மான் புரண்ட தடம். நிமிர்ந்து எதிரே இருந்த புதரைப் பார்த்தான். கிள்ளிய இலையைக் கீழே வைத்துவிட்டு, மான் புரண்ட தடத்தைக் கையால் தடவினான்.

"என்ன ஆயிற்று?" என்றாள் கொற்றி.

"இந்த இடம் எனக்குத் தெரியும், தலைவி. அம்பு தைத்துத் தப்பிய மானைத் தேடி நான் காடெல்லாம் அலைய மாட்டேன். நேரே வந்து அந்தப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவேன். அடிபட்டது எதுவானாலும் இங்கேதான் வரும். இதைத் தின்னும், இதன் மேல் புரளும். அப்போது இன்னோர் அம்பை விடுவேன். எதற்கு வருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. புண்ணை ஆற்றிக்கொள்ள வந்திருக்கிறது. மருந்து தேடி வந்ததை மருந்தின் மேலேயே கொன்றிருக்கிறேன்."

சொல்லி முடித்ததும் அழுதான். அரசன் அழலாமா என்று கேட்காதீர்கள். அழ வேண்டிய இடம் அது.

விடை தவறு என்று கொற்றி அடித்துச் சொல்லியிருக்கலாம். அங்கே வேறு சாட்சி யார்? ஆனால் அவள் நியாயக்காரி. "சரியாகச் சொன்னீர்கள். மலை இருவருக்கும் பொது" என்றாள். சொல்லிவிட்டுத் தன் நாட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் குடிகளுக்கு இனியும் அரை வயிறுதானே!

இருவரும் இறங்கி வந்தார்கள். "வென்றுவிட்டார் எங்கள் அரசர்!" என்று ஊரே கூவியது. சேந்தன் கையை உயர்த்திப் பறையை நிறுத்தச் சொன்னான்.

"தண்ணீர் தப்பியது, போய் நிம்மதியாகக் குடியுங்கள். ஆனால் நான் வென்றேன் என்று யாரும் சொல்லாதீர்கள். இன்று நான் சொன்ன விடை, நான் கொன்ற மான்கள் சொல்லிக்கொடுத்தது."

கண்ணெதிரே நிற்பதை நின்று பார்க்காதவன், தன்னை வாழவைப்பது எது என்று தெரியாமலே அதை அழித்துவிடுவான்.