யாரும் கேட்காத பாட்டு

மருதாத்தூரில் புத்திசாலிகளுக்கு ஒரு காலத்திலும் பஞ்சமில்லை. அவர்கள் அத்தனை பேரும் வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள், அவ்வளவுதான். ஊரில் மிச்சமிருந்தவர்களில் மூன்று பேர் சேர்ந்து, இணையத்தில் கிடைக்கிற நல்ல இசையைத் தேடிப் பகிர்ந்துகொள்ள ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். அதற்கு 'தேனிசைத் தேடல்' என்று பெயர் வைத்தார்கள்.

பாத்திரக்கடை கோமதிநாயகம் தலைவர். மைக்செட் வாடகைக்கு விடும் தளவாய் செயலாளர். தலைவரும் செயலாளரும் இருந்து உறுப்பினர் இல்லாவிட்டால் யாரை நிர்வாகம் செய்வது என்று, தபாலாபீசிலிருந்து ஓய்வு பெற்றிருந்த இசக்கியப்பனை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

தினம் ஆளுக்கொரு புதுப் பாட்டு கண்டுபிடித்துப் போட வேண்டும் என்பது விதி. பாட்டோடு என்ன குறிப்பு வந்தாலும் அதை அப்படியே பின்பற்ற வேண்டும் என்பது அதைவிடப் பெரிய விதி. இது கோமதிநாயகம் கொண்டுவந்தது.

"செஞ்சவனுக்குத்தான்வே தெரியும். 'வெறும் சட்டிய அடுப்புல வைக்காதீங்க'ன்னு நான் சீட்டு ஒட்டி விக்கேன். கேக்காதவன் வீட்டுல என்ன ஆகுது? சட்டி கருகுது. பாட்டும் அப்படித்தான்" என்றார். மற்ற இருவரும் ஆமோதித்தார்கள். அவர்கள் வீட்டுச் சட்டியும் கருகித்தான் இருந்தது.

முதல் வாரம் தளவாய் ஒரு புல்லாங்குழல் போட்டார். 'கண்ணை மூடிக்கொண்டு கேட்கவும்' என்று அதில் எழுதியிருந்தது. அது வந்து சேர்ந்தபோது இசக்கியப்பன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். இறங்கிவிட்டுக் கேள் என்று யாரும் எழுதவில்லை. வாய்க்காலிலிருந்து அவரைத் தூக்கி விட்டவர்களிடம், கடைசி ஒரு நிமிஷம் தண்ணீருக்குள் கேட்கும்போது தனி ரகமாக இருந்தது என்று சொன்னார்.

அடுத்த வாரம் இசக்கியப்பன் பத்து மணி நேர மழைச் சத்தம் ஒன்றைப் பிடித்தார். தூக்கம் வருவதற்காக யாரோ புண்ணியவான் ஏற்றி வைத்தது. 'முழுவதும் கேளுங்கள்' என்றிருந்ததால் மூவரும் கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, தூங்காமல், பத்து மணி நேரமும் கேட்டார்கள். ஏழாவது மணி நேரத்தில் கோமதிநாயகம் ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துணியை எடுத்துவந்தார்.

பிறகு உலக உருண்டையைச் சுழற்றி எந்த நாட்டில் விரலை வைத்தாலும் அந்த நாட்டு வானொலி கேட்கிற தளம் ஒன்று அகப்பட்டது. தளவாய் பிரேசிலில் விரலை வைத்தார். அருமையான மேளம். கோமதிநாயகம் பதறிப்போய், "மெதுவா வைவே! அங்கே இப்ப ராத்திரி. பிள்ளைக தூங்கும்லா?" என்றார். அன்றிலிருந்து அமெரிக்கக் கண்டம் முழுவதையும் அவர்கள் சத்தத்தைக் குறைத்துத்தான் கேட்டார்கள்.

இப்படி ஊருக்குப் பெரிய சேதமில்லாமல் போய்க்கொண்டிருந்த குழுவில் நாலாவது ஆளாக வந்து சேர்ந்தார் ஆவுடைநாதர். பாளையங்கோட்டைக்காரர், வங்கி மேலாளராக இருந்தவர். கோமதிநாயகத்தின் மகள் செண்பகமும் அவருடைய மகன் வேலாயுதமும் சென்னையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள். மூன்று வருஷமாக ஒருவரையொருவர் விரும்பியும் வந்தார்கள். சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் பெண் வீட்டாரின் ரசனையைத் தெரிந்துகொள்வதற்காக அவர் குழுவில் சேர்ந்தார்.

ஆவுடைநாதருக்கு இசையில் தெரியாதது ஒன்றுமில்லை. எது போட்டாலும் அரை நிமிஷத்தில் அவரிடமிருந்து 'கேட்டாச்சு' என்று பதில் வந்துவிடும். மங்கோலியாவில் ஆடு மேய்ப்பவர் தொண்டைக்குள்ளேயே பாடியதைப் போட்டார்கள். கேட்டாச்சு. ஐஸ்லாந்தில் பனிக்கட்டியைத் தட்டி வாசித்ததைப் போட்டார்கள். கேட்டாச்சு. ஒருநாள் கோமதிநாயகம் கைதவறி, தன் வீட்டு கிரைண்டர் ஓடுகிற சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பிவிட்டார். 'கேட்டாச்சு. இதன் பழைய வடிவத்தில் இன்னும் ஆழம் இருக்கும்' என்று பதில் வந்தது. அது பழைய கிரைண்டர்தான். கோமதிநாயகம் அசந்துபோனார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நல்ல நாளில் பெண் பார்க்க வந்தார். கேசரியை ருசி பார்த்துவிட்டு, "நகை வேண்டாம், சீர் வேண்டாம். எனக்கு ஒரே ஒரு ஆசை. நிச்சயதார்த்தத்துல இதுவரைக்கும் யாரும் கேட்காத பாட்டு ஒண்ணு போடணும். அது ஓடுனாத்தான் தட்டு மாத்துவேன்" என்றார்.

அன்று சாயங்காலம் செண்பகம் அப்பாவைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அவர் சும்மா பெருமைக்குச் சொல்றார். அபூர்வமா ஏதாவது ஒண்ணு போட்டாப் போதும். தயவுசெஞ்சு அந்த ரெண்டு மாமாக்களையும் கூட்டு சேர்க்காதீங்க. இது என் வாழ்க்கைப்பா."

மகளின் கண் கலங்கியதைக் கோமதிநாயகம் பார்த்தார். பாத்திரக்கடைக்காரருக்கு ஒரே மகள். காரியம் இவ்வளவு பெரிது என்று தெரிந்த பிறகு இதைத் தனியாகச் செய்ய அவருக்குத் துணிச்சல் வரவில்லை. நேராக அந்த இரண்டு மாமாக்களிடம் போனார்.

"எத்தனை பேரு பாத்தாவன்னு ஒவ்வொண்ணுக்கும் கீழே போட்டிருக்கான். சைபர் இருக்கிறதை எடுத்தா முடிஞ்சுது" என்றார் இசக்கியப்பன். தபாலாபீசில் முப்பது வருஷம் சும்மாவா இருந்தார்!

தேடினார்கள். லட்சம் பேர் கேட்டது, ஆயிரம் பேர் கேட்டது எல்லாம் கழிந்தன. இரண்டாம் நாள் ஏழு பேர் மட்டும் கேட்ட ஒரு பாட்டு கிடைத்தது.

"ஏழுதானே? அந்த ஏழு பேருகிட்டயும் பேசி மறந்துரச் சொல்லுவோம்" என்றார் தளவாய்.

"எந்த ஊர்க்காரன்னு தெரியாதே."

"தெரிஞ்சா சொல்லிரலாம். ஒரு பொண்ணு கல்யாணம்னா எவனும் மறந்து குடுப்பான்."

மூன்றாம் நாள் சைபர் அகப்பட்டது. தொப்பி போட்ட ஒரு மனிதர், பூசணிக்காய்க்குக் கம்பி கட்டினாற்போன்ற ஒரு வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எந்த நாடு, என்ன மொழி என்று ஒன்றும் புரியவில்லை. கோமதிநாயகம் கைகூப்பினார். தொடப்போன இசக்கியப்பனின் விரலைத் தளவாய் தட்டிவிட்டார்.

"தொட்டீரு, கேட்டீரு. கேட்டீருன்னா ஒரு ஆளு கேட்ட பாட்டாயிரும். சோலி முடிஞ்சுது."

அப்போதுதான் இசக்கியப்பனுக்கு அந்தப் பயங்கரமான சந்தேகம் வந்தது. "ஏ, வாசிச்சவன் கேட்டிருப்பான்லா?"

கோமதிநாயகத்துக்கு, மகள் கழுத்தில் ஏறப்போகும் மாலையை, கண் காணாத தேசத்துத் தொப்பிக்காரன் ஒருவன் பறித்துக்கொண்டு ஓடுவதுபோல் இருந்தது.

தளவாய்தான் காப்பாற்றினார். "வாசிக்கவன் எங்கேவே கேக்கான்? நம்ம ஊர் நாயனக்காரரைப் பாரும். அவரு வாசிக்கிறதை அவரே கேட்டிருந்தா என்னைக்கோ நிறுத்தியிருப்பாருல்லா?"

இசக்கியப்பன் அந்த நிமிஷமே சந்தேகத்தை வாபஸ் வாங்கினார்.

அடுத்த சிக்கல், பாட்டு நல்லாயிருக்கிறதா என்பது. நல்லாயில்லாத பாட்டைப் போட்டு சம்பந்தியின் மனசு நோகக் கூடாது. கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? நெடுநேரம் ஆலோசித்து, ஆளுக்குக் கால் பொட்டலம் பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு, உச்சி வெயிலில், ஆளில்லாத வயக்காட்டுக்குப் போனார்கள். தளவாயின் எருமை அங்கே நின்றது. அதன் காதருகே போனை வைத்துப் பாட்டை ஓடவிட்டார்கள். எருமை மெல்லுவதை நிறுத்தியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி மென்றது.

பஞ்சை எடுத்துவிட்டுப் பேசினார்கள்.

"நிறுத்தினது ஆச்சரியத்துல. மறுபடி மென்னது திருப்தியில" என்று தீர்ப்பளித்தார் தளவாய். வளர்த்தவருக்குத் தெரியாதா?

"எருமை கேட்டுட்டுதே, அது கணக்குல வராதா?" என்றார் கோமதிநாயகம்.

"வந்தா என்ன? அது யாருகிட்டயும் சொல்லாது. எங்க வீட்டுக்காரியப் பத்தி எத்தனையோ சொல்லியிருக்கேன், இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை வெளிய போனதில்ல."

"எனக்கென்னவோ இசக்கியப்பன் தலை ஆடினாப்பல இருந்துது" என்றார் கோமதிநாயகம் சந்தேகத்தோடு.

"அது ஈ, அண்ணாச்சி. சத்தியமா ஈ."

நிச்சயதார்த்த நாள் வந்தது. காலை பத்தரைக்கு முகூர்த்தம். மண்டபத்தில் இருநூறு பேர். தளவாய் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகள் நான்கை மூலைக்கொன்றாக நிறுத்தி, நடுவே தன் மிக்சர் பலகையோடு உட்கார்ந்திருந்தார். ஆவுடைநாதர் முன்வரிசை நடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். செண்பகம் மேடையிலிருந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொத்தானை அமுக்கப்போகிற நேரத்தில் இசக்கியப்பன் தளவாயின் கையைப் பிடித்தார். "ஒரு நிமிஷம்வே. மின்னல் முதல்ல தெரியுது, இடி பொறவுதானே கேக்கு? அப்ப சத்தம் நடந்துதானே வருது?"

"வரட்டுமே."

"பெட்டிகிட்ட இருக்கவனுக்கு முதல்ல போயிரும்வே. சம்பந்தி நடுவுல உக்காந்திருக்காரு. அவருகிட்ட போய்ச் சேரும்போது அது நாலு பேரு ஏற்கனவே கேட்ட பாட்டு."

கோமதிநாயகம் நாற்காலிகளைக் கண்ணால் அளந்தார். "எல்லாரையும் ஒரே தூரத்துல வட்டமா உக்கார வச்சா?"

"இருநூறு பேரு வட்டத்துக்கு மண்டபம் பத்தாது, அண்ணாச்சி" என்றார் தளவாய்.

"மத்தவங்க காதுல பஞ்சு?"

"மணி பத்து இருபத்தெட்டு. நீரே போயி ஒவ்வொரு மாமியாக் கேட்டு வைக்கீரா?"

கோமதிநாயகம் மகளைப் பார்த்தார். பாத்திர வியாபாரத்தில் ஒரு நாளும் வராத தெளிவு அப்போது அவருக்கு வந்தது. "சத்தத்தைச் சைபர்ல வைவே. பாட்டு ஓடணும்னாரு, ஓடும். யாரும் கேட்காத பாட்டுன்னாரு, யாரும் கேக்க மாட்டாவ. இதுல ஏதாவது ஓட்டை இருக்கா?"

இருவரும் தேடிப் பார்த்தார்கள். ஓட்டை இல்லை.

பாட்டு ஓடியது. மிக்சரில் பச்சை விளக்குகள் எழும்பி விழுந்தன. தளவாய் முகத்தை அபிஷேக நேரத்தில் வைப்பதுபோல் வைத்துக்கொண்டார். மண்டபம் அமைதியானது. செண்பகம் மேடையிலிருந்து உதட்டசைவில், "பாட்டு?" என்று கேட்டாள். அப்பா, 'ஓடுதும்மா' என்று கையால் காட்டினார். அவள் அருகில் இருந்த வேலாயுதத்தின் பக்கம் திரும்பி, மெல்லக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆவுடைநாதர் காத்திருந்தார். விளக்குகளைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். திரும்பினால், இருநூறு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'எங்கேய்யா பாட்டு?' என்று கேட்டால், உலகத்தில் தனக்குப் பிடிபடாத ஒரு சங்கீதம் இருக்கிறது என்று ஊரறிய ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் தொடையில் மெதுவாகத் தாளம் போட்டார். பிறகு தலையை ஆட்டினார். அவர் ஆட்டுவதைப் பார்த்து இரண்டாம் வரிசை ஆடியது. பின்னால் ஒரு பெரியவர், "சுருதி சுத்தம்னா இதுல்லா" என்றார். ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏழு நிமிஷம் கழித்து விளக்குகள் அடங்கின. ஆவுடைநாதர் எழுந்து நின்றார். "நானும் எவ்வளவோ கேட்டிருக்கேன். இப்படி ஒண்ணை வாழ்க்கையிலேயே கேட்டதில்லை" என்றார். இசையைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அது. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

"தட்டு மாத்தும்போது அதையே இன்னொரு தடவை போடச் சொல்லுங்க சம்பந்தி" என்றார்.

தளவாய் மறுபடி பாட்டைத் துவக்கினார். அந்த நேரம் பார்த்து மண்டபத்துக் காவல்காரர் உள்ளே வந்தார். நாலு பெட்டியிலும் விளக்கு எரிவதை வாசலிலிருந்தே பார்த்துவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று விசாரிக்கிற பழக்கமெல்லாம் இல்லாமல், தினமும் சொல்வதைச் சொன்னார்: "பக்கத்துப் பள்ளிக்கூடத்துல பரீட்சை நடக்கு. சத்தத்தைக் குறைங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூவரும் மிக்சரைச் சுற்றிக் கூடினார்கள்.

"குறைக்கச் சொல்லுதான்."

"இதுக்குக் கீழே திருகு போகலையே" என்றார் தளவாய்.

"பிள்ளைக பரீட்சை எழுதுது, அண்ணாச்சி. நம்ம வீட்டு விசேஷத்தால அதுக ஃபெயிலாகக் கூடாது."

கோமதிநாயகம் பிள்ளைகுட்டிக்காரர். இரண்டு நொடிதான் யோசித்தார். பெட்டியைக் குறைக்க முடியாவிட்டால், கேட்கிறவர்களைத் தள்ளி உட்கார வைக்க வேண்டியதுதான். மைக்கைப் பிடித்துக் கைகூப்பி வேண்டிக்கொண்டார். இருநூறு பேரும், சங்கீதத்துக்காக இதுகூடச் செய்ய மாட்டோமா என்று, ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தை விட்டு வெளியேறி, வாசல் பந்தலைத் தாண்டி, வேப்பமரத்தடியில் வரிசையாகப் போட்டு உட்கார்ந்தார்கள். உள்ளே காலி மண்டபத்தில் பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மரத்தடியிலேயே தட்டு மாற்றினார்கள். ஆவுடைநாதர் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கி, மனைவியிடம் கொடுத்தார். பிறகு மண்டபத்தின் பக்கம் திரும்பி, காதை உள்ளங்கையால் குவித்துக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, மிகுந்த வருத்தத்தோடு சொன்னார்:

"என்ன இருந்தாலும் இங்கேயிருந்து சரியாக் கேக்கலை, சம்பந்தி."