சடையைப் பிடித்த கை

அழகு நிலையத்துத் தரையில் கொத்துக் கொத்தாகக் கிடந்த முடியை மாடத்தி கூட்டிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் கல்யாணப்பெண் இசக்கியம்மாள் விசும்பினாள். மறுநாள் முகூர்த்தம். முடியை நேராக்கும் சூட்டு மெஷினால் திரும்பத் திரும்ப இழுத்ததில், இடுப்பைத் தொட்ட கூந்தல் கருகித் தோளோடு நின்றுவிட்டது.

"மெஷின் ஒண்ணும் பண்ணாது. உங்க வம்சத்து முடியே சத்தில்லாத முடி," என்றாள் முதலாளியம்மா கனகவல்லி. "ஏய் மாடத்தி, வரும்போதே கொட்டுச்சுன்னு நீ சொல்லு. இல்லேன்னா நாளையில இருந்து வேலைக்கு வராத."

மாடத்தி விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். "சொல்லிருதேம்மா. அதுக்கு முன்னால, அதே சூட்டுல உங்க சடையில ஒரு இழுப்பு இழுத்துக் காட்டிருதேன். பாத்தா புள்ளைக்கும் நம்பிக்கை வரும்லா?"

மெஷினைக் கையில் எடுத்து ஓர் எட்டு வைத்தாள். கனகவல்லி இரண்டு கையாலும் தன் சடையைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். "கிட்ட வராதடி! என் முடி போயிரும்!"

கடையில் இருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"அக்கா, பூச்சடை தைக்க முடி மிச்சம் இருக்கா?" என்றாள் இசக்கியம்மாள்.

மாடத்தி விரலால் கோதினாள். விரலோடு இன்னும் கொஞ்சம் வந்தது. அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "இருக்கு தாயி, இந்தப் பக்கம் கொஞ்சம் சேத்துப் பிடிச்சா" என்று சொல்லும்போதே, "மாடத்தி, உன் பையை எடுத்துக்கிட்டு வெளிய வா!" என்று கனகவல்லி வாசலுக்குப் போய் நின்று கத்தினாள்.