காக்கா கடி கொய்யா

யானைக்குட்டி அம்பாரி சும்மா தும்மாது. "ஹாஆஆச்!" என்று அது போட்ட போட்டில் குளத்தங்கரை நாவல் மரத்திலிருந்து பழமெல்லாம் பொலபொலவென்று கொட்டியது. முயல்குட்டி மொசுக்கி குட்டிக்கரணம் அடித்துப் புதருக்குள் போய் விழுந்தது.

அவ்வளவுதான்! குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் கரடி அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்துவிட்டது.

"எல்லாருக்கும் சளி ஒட்ட வைக்கிறது நீதானா? போடா அக்கரைக்கு! நான் கூப்பிடாம வரக் கூடாது!"

"அத்தை, முதல் மழைக்கு வால்பிடி ரயில் ஓட்டணுமே! நான்தானே எஞ்சின்!"

"எஞ்சினும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். நட!"

ஒருவர் வாலை ஒருவர் பிடித்துக்கொண்டு மழையில் ஓடும் அந்த ரயிலுக்காகத்தான் அம்பாரி வருஷம் முழுக்கக் காத்திருந்தது. பாவம், அழுதுகொண்டே குளத்தில் இறங்கி அக்கரைக்குப் போனது.

அங்கே அதன் சளி போயே போச்சு. ஆனால் இந்தக் கூத்தைக் கேளுங்கள்! பழைய கரையில் தும்மல் நிற்கவே இல்லை. மொசுக்கி தும்மியது. மான்குட்டி தும்மியது. ஒரே கச்சேரிதான்! குரங்குக்குட்டி சில்லான் மட்டும் கிண்ணென்று இருந்தது.

அந்தச் சில்லானுக்கு நல்ல மனசு. நண்பன் தனியாகக் கிடக்கிறானே என்று மரம் மரமாகத் தாவி, ஒரு கொய்யாப் பழத்தோடு அக்கரைக்கு வந்தது. பழத்தைத் தேக்கிலையில் சுற்றி நறுக்கென்று கடித்து, மூக்கைக் குடைந்த விரலாலேயே பாதியை எடுத்து நீட்டியது.

"காக்கா கடிதான்! எச்சிலே படலை! மொசுக்கியும் மான்குட்டியும் இதே இலையை வச்சுத்தான் கடிச்சாங்க!"

அம்பாரி ஒரே வாயில் முழுங்கியது. இரண்டொரு நாளில், "ஹாஆஆஆச்!"

"மறுபடியுமா?" என்று எதிர்க்கரையிலிருந்து அத்தை கத்தியது.

அம்பாரிக்குச் சட்டென்று பொறி தட்டியது. "அத்தை! நான் இங்கே ஒண்டியாத்தானே இருந்தேன்? வந்தது சில்லான் மட்டும்தான். அவனோ தும்மவே இல்லை! சளி அவன்கிட்ட ஒளிஞ்சுக்கிட்டு வந்திருக்கு!"

"நானா? நல்லாத்தானே இருக்கேன்!" என்று அத்தை பக்கத்தில் நின்ற சில்லான், இன்னும் கையில் வைத்திருந்த அதே தேக்கிலையைப் பார்த்தது. பிசுபிசுவென்று இருந்தது. "ஐயே!"

"அப்போ சில்லானும் அக்கரைக்குப் போகட்டும்!" என்றது அத்தை. "மொசுக்கியும் போகட்டும்! மான்குட்டியும்... ஹா... ஹா... ஹச்!"

எல்லாக் குட்டிகளும் அத்தை பக்கம் திரும்பின.

"வாங்க அத்தை! இங்கே நிறைய இடம் இருக்கு!" என்றது அம்பாரி.

குட்டிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டன. அத்தைக்கே சிரிப்பு தாங்கவில்லை. "வாடா இந்தப் பக்கம், எஞ்சின்!" என்று கூப்பிட்டது.

இலை குப்பைக்குப் போனது. கொய்யா தின்னும் முன் எல்லோர் கையையும் அம்பாரி தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டது. மழை வந்தது. ரயிலும் கிளம்பியது. தும்மல் வந்தபோது எஞ்சின் தன் பெரிய காதை மடக்கி மூக்கை மூடிக்கொண்டது!

தும்முகிறவனைத் துரத்திவிட்டால் சளி போய்விடாது, சிரித்துக்கொண்டு வருகிறவனோடும் அது வரும். அதனால் ஆளை ஒதுக்காதீர்கள், கையைக் கழுவுங்கள்.