பனங்காட்டில் நின்ற மாப்பிள்ளை

மந்திக்குளத்துக்காரர்களுக்குப் புடவையில் வரும் புது மாடலைவிட உடற்பயிற்சியில் வரும் புது மாடல்தான் உடனே கண்ணில் படும். கர்லாக்கட்டை சுற்றிக்கொண்டிருந்த ஊர், யாரோ சொன்னார்கள் என்று யோகாவுக்குத் தாவியது. இழுத்த மூச்சை விடுவதற்குள் சிரிப்பு மன்றம் வந்துவிட்டது. பழைய பயிற்சி செய்கிறவனைக் கிழிந்த சட்டை போட்டவனைப் போலப் பார்ப்பார்கள். தொப்பை மட்டும் எல்லாருக்கும் பழைய மாடலிலேயே இருந்தது.

அந்த ஊர் ஆவுடையப்பனுக்குக் கல்யாண ஆசை வந்தது. பக்கத்து ஊரான நல்லூரணியில் விளையாட்டு டீச்சராக இருக்கும் செண்பகவடிவைப் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, பாவம், சோற்றைக்கூட இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டான். அவள் சொல்லி அனுப்பியது இதுதான்: "ஆளு பரவாயில்ல. ஆனா நாலு படி ஏறுனா மூச்சு வாங்குது. வார வெள்ளிக்கிழமை பொழுதடையிறதுக்குள்ள அவுக வீட்டுல இருந்து எங்க ஊருக்கு நடந்தே வரட்டும். வந்தா அன்னைக்கே பூ வச்சுக்கிடுதேன். வராட்டி வேற இடம் பாத்துக்கிடுதேன்."

கூட்டாளிகள் குற்றாலிங்கமும் பிச்சுமணியும் பயிற்சி கொடுக்க முன்வந்தார்கள். அங்கேதான் பிடித்தது சனி.

முதலில், முழங்கையை ஊன்றிப் பலகைபோல் குப்புற விறைத்துக் கிடக்கும் பயிற்சி. குற்றாலிங்கத்தின் மொட்டைமாடியில் மூவரும் செல்போனைப் பார்த்துக் கிடந்தார்கள். "நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது" என்றான் போனில் வந்தவன். அதோடு நெட் நின்று, திறந்த வாயோடு அவனும் நின்றுவிட்டான். மூவரும் அசையவே இல்லை. குற்றாலிங்கத்தின் மனைவி மூன்று முதுகிலும் துணி விரித்து வடகம் காயப்போட்டு, வெயில் தாழ எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்தது ஐஸ் குளியல். மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கி, மீன் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். தொப்பை இறங்கவில்லை. ஊர்ப் பூனைகள் மட்டும் பின்னாலேயே வர ஆரம்பித்தன.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஆவுடையப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கப் போனான்.

"எங்கல போற?" என்று பிச்சுமணி மறித்தான்.

"நல்லூரணிக்கு. நடந்து."

"ரோட்டுலயா? மானத்த வாங்காதல! இந்தக் காலத்துல யாருல ரோட்டுல நடக்கா? டீச்சரம்மா சிரிப்பா."

குற்றாலிங்கம் தன் வீட்டில் துணி காயப்போட வைத்திருந்த நடை மிஷினைத் தூக்கி வந்தான். ஆவுடையப்பன் வீட்டுக் கூடத்தில், வாசலுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்க்க வைத்தான். நல்லூரணி அந்தத் திசையில்தான் இருந்தது.

"நல்லூரணி பன்னெண்டு கிலோமீட்டர். மிஷின்ல பன்னெண்டு காட்டுனா இறங்கு. ஊரு வந்துரும்."

ஆவுடையப்பன் பூவும் பழமும் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு மிஷினில் ஏறினான். செண்பகவடிவின் முகத்தை நினைத்து நினைத்து நடந்தான். வியர்வை ஆறாக ஓடியது. ஆறு கிலோமீட்டர் காட்டியபோது கரண்ட் போய்விட்டது.

"இறங்கட்டுமா?"

"இறங்கிராத! பாதி வழிதான் வந்திருக்க. இது பனங்காடுல்லா? பாம்பு கெடக்கும்."

"தண்ணியாவது குடுங்கல."

"நடுக்காட்டுல தண்ணிக்கு எங்கல போவ?" என்று கேட்டுவிட்டு, குற்றாலிங்கம் கூடத்துப் பானையில் மொண்டு தான் குடித்தான்.

சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, செண்பகவடிவு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே அவன் வீட்டுக்கே வந்தாள். உள்ளே மாப்பிள்ளை தட்டும் கையுமாக மிஷின்மேல் நின்றுகொண்டிருந்தான்.

"ஏன் வரல? என்ன இப்படி நிக்கிய?"

"பாதி தூரம் வந்துட்டேன். கரண்ட் வந்ததும் மிச்சமும் வந்துருவேன்."

அவன் கால் வெடவெடவென்று நடுங்குவதைப் பார்த்து அவள் மனசு இளகிவிட்டது. "சரி, கீழ இறங்குங்க. நானும் கூட நடந்து வாரேன். ரெண்டு பேருமா எங்க ஊருக்குப் போவோம்."

ஆவுடையப்பனுக்கு இறங்க எவ்வளவோ ஆசைதான். ஆனால் வாக்கு வாக்குதானே. "நடுவழியில இறங்குனா உங்க பேச்ச மீறுன மாதிரி ஆயிரும். நீங்க முன்னாடி போயி உங்க வீட்டு வாசல்ல நில்லுங்க. இந்தா வந்துருதேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் வேற இடமே பாத்துக்கிடுதேன்" என்று விடுவிடுவென்று வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஆவுடையப்பன் தட்டோடு விம்மி விம்மி அழுதான். பிச்சுமணி மட்டும் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"அழாத மாப்ள! அவ ஊரு அந்தச் சுவத்துப் பக்கம்லா? அவ வாசப் பக்கமால்லா போறா? அது இந்தப் பனங்காட்டுல இருந்து நம்ம ஊருக்குத் திரும்பிப் போற வழி. உன் வீட்டுல வாழத்தாம்ல போறா!"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. ஆவுடையப்பன் பதறிப்போய்க் கத்தினான்.

"மிஷின சீக்கிரம் வாசலப் பாக்கத் திருப்புங்கல! அவ நமக்கு முன்னாடி நம்ம வீட்டுக்குப் போயிட்டான்னா, அங்க கதவத் தெறந்துவிட யாருல இருக்கா?"