மருந்து பூசிய குழாய்

"குழாயிலேயே மருந்து பூசியிருக்காமே சிஸ்டர். ஒட்டுற கிருமி பிழைக்காதாம். அப்புறம் எதுக்கு நான் தோல் உரியிற மாதிரி கை கழுவணும்?"

பெனடிக்டா சிஸ்டர் சோப்பை என் பக்கம் நகர்த்தினார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அந்த வார்டில் அவர்தான் எனக்கு வாத்தியார்.

என் மனைவி தெய்வானைக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. வயிற்றில் பொருத்திய புதுக் குழாய் வழியே தினம் நாலு தடவை மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு வடிக்க வேண்டும். நான் பழகிக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம். அதற்கு சிஸ்டர் தலையசைக்க வேண்டும்.

தெய்வானை வீட்டைப் பார்த்து முப்பத்து நான்கு நாள் ஆகியிருந்தது.

சிஸ்டர் பழகுவதற்கென்று ஒரு குழாயைத் தலையணையில் கட்டி வைத்தார்.

"செய்ங்க ஐயா."

கை கழுவினேன். நல்ல காரியம் ஆயிற்றே என்று சட்டைப்பையிலிருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்துத் தெய்வானையின் நெற்றியில் இட்டேன். பிறகு தலையணைக் குழாயின் மூடியைத் திறந்து, தண்ணீர்ப் பையை இணைத்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"எப்படி சிஸ்டர்?"

அவர் இணைப்பைக் கழற்றி என் முன்னே நீட்டினார்.

குழாயின் வாயில் வெள்ளையாக இரண்டு விரல் தடம்.

தெய்வானை எட்டிப் பார்த்தாள். "எனக்கு வைத்தியம் பாருங்கன்னா, குழாய்க்குப் பட்டை போட்டு வச்சிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இனிமே விபூதியே வேண்டாம் சிஸ்டர்."

"யார் வேண்டாம்னா? முதல்ல பூசுங்க. அப்புறம் கழுவுங்க. அறுபது எண்ணுற வரைக்கும்."

"அப்போ குழாயில பூசின மருந்து?"

"அது அதோட வேலையைப் பார்க்கும்."

நான்காம் நாள் அவர் தலையசைத்தார். வீட்டுக்கு வந்தோம்.

ஏழு வருஷம். முதலில் விபூதி, பிறகு சோப்பு. நான் கழுவும்போது கட்டிலில் இருந்தபடி அவள்தான் எண்ணுவாள்.

"ஐம்பத்தெட்டுலயே கையை எடுத்தாச்சா? உங்க அவசரத்துக்கு என் வயிறுதான் கிடைச்சுதா?"

அவள் போய் நான்கு வருஷம் ஆகிறது. கடைசிவரை அந்த வயிற்றில் சீழ் என்று ஒரு நாள் படுத்ததில்லை.

இன்று காலை விபூதி பூசிவிட்டுக் கை கழுவினேன். ஐம்பத்தெட்டில் கை தானாக நின்றது.

கட்டில் பக்கம் சத்தமில்லை.

"ஐம்பத்தொன்பது" என்றேன்.